மூன்று செங்கல் உயரம்

அம்மாவின் பிறந்தநாளுக்கு அப்பா ஓர் அல்லிச் செடி வாங்கி வந்தார். அதைச் சட்டியோடு தூக்கி, மொட்டைமாடியில் இருந்த சிமெண்ட் தொட்டியின் அடியில் வைத்துவிட்டார். தண்ணீர் என் இடுப்பளவு இருந்தது.

பத்து நாளில் இலைகள் தண்ணீருக்குள்ளேயே மஞ்சளாயின. "பூ எப்போ வரும்? அடுத்த பிறந்தநாளுக்கா?" என்று அம்மா தினமும் சீண்டினாள். அப்பா சிரித்துச் சமாளித்தார். ஆனால் காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய், தொங்கிய முகத்தோடுதான் இறங்கி வருவார்.

இளம் இலைகளுக்கு அந்த ஆழத்தில் வெளிச்சம் போதாது. தாவரவியல் படித்த எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அப்பா நீச்சல் பயிற்சியாளர். தண்ணீரைப் பற்றி அவருக்கே பாடம் எடுப்பதா?

இன்னோர் இலையும் அழுகியதும் மெல்லக் கேட்டேன்.

"அப்பா, புதுசா வர்ற பசங்களை முதல் நாளே ஆழத்துல இறக்குவீங்களா?"

"சேச்சே, முதல்ல படியில உக்கார வெச்சு..." அப்பா பாதியில் நிறுத்திச் செடியைப் பார்த்தார். "அடக் கடவுளே! ஏம்மா, இத்தனை நாள் வாயைப் பூட்டியா வெச்சிருந்தே?"

சட்டிக்கு அடியில் மூன்று செங்கல் அடுக்கினோம். காம்பு நீள நீள ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்றேன்.

நான்காம் நாள் ஒரு குட்டி இலை மேலே வந்து விரிந்தது. அப்பா அதனிடம் குனிந்து, "அப்படித்தான் கண்ணு, பயப்படாதே, உடம்பை விறைப்பா வெச்சுக்காதே" என்றார்.

"எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தப்போ இந்தக் கொஞ்சல் எல்லாம் எங்க போச்சாம்?" என்றாள் அம்மா. பூவைப் பற்றி அன்று அவள் கேட்கவேயில்லை.