வேதமுத்துவின் தோள் பற்றிய ஜர்னல்கள்

வேதமுத்துவின் இடது தோளில் கொத்தமல்லி முளைத்தது 1984 கார்த்திகையில், பால் விலை ஏறிய அதே வாரத்தில். அவன் குடியிருந்த மண்ணூர்பேட்டை பால் விலையைத்தான் அதிகம் பேசியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் அவன். இரும்புத்தூள் ஊறின உடம்பில் ஆணி முளைத்திருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு, கொத்தமல்லிக்கு அங்கே என்ன வேலை என்று பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் மோவாயில் கையை வைத்தாள். அப்படிக் கேட்டவள்தான் மறுநாள் கிண்ணத்தோடு வந்து, "சாரா, ரசம் கொதிச்சிகினு கீது, ரெண்டு கொத்து கிள்ளிக் குடேன்" என்று நின்றாள். வேதமுத்துவின் மனைவி சாராள் கிள்ளிக் கொடுத்தாள். அவனுக்கு வலிக்கவில்லை. சிரித்துக்கொண்டுகூட இருந்தான். அவன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோருக்கும் பசி எடுத்தது.

கிள்ளினால் வலிக்காதது பிடுங்கினால் ரத்தமாகக் கொட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது செடியாயிற்றே, என்னிடம் எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கோபித்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்தவர் ஒருத்தர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். வெள்ளை நூல் மாதிரி ஒரு வேர் தோளிலிருந்து கீழே இறங்குகிறது, அது இருதயத்தைத் தொட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்றார். எப்போது தொடும், தடுக்க வழி உண்டா என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். போதகர் தோளில் கை வைத்து ஜெபித்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தார். கொத்தமல்லி இன்னும் தழைத்தது. அன்றிலிருந்து சாராளிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. இவருக்கு எப்போது குணமாகும்? கடவுளில் தொடங்கி கம்பவுண்டர் வரைக்கும் கேட்டாள்.

அடுத்த வருஷம் நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து தசரதன் என்ற விஞ்ஞானி வந்தார். நல்ல மனுஷர், அதை மறைக்கக் கூடாது. வரும்போதெல்லாம் ஆப்பிள் வாங்கி வருவார். போகும்போது ஓர் இலை, ஒரு வேர்நுனி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போவார். ஜர்னல் என்று அவர்கள் சொல்லும் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வேதமுத்துவைப் பற்றி மூன்று வரி வந்தது. பெயர் கிடையாது, 'சென்னைக்கு மேற்கே வசிக்கும் ஓர் ஆண்' என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பிரதியைத் தசரதன் ஆசையாகக் கொடுத்தார். சாராள் அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் இரண்டு இருந்தன. ஒன்று வேருக்கு, ஒன்று இலைக்கு. அட்டையின் நிறம் வேறு, பெயரில் ஒரு சொல் கூடுதல். மறு ஐப்பசியில் நான்காயின. பழைய பேப்பர்காரனிடம் போட்டுப் பார்த்தாள். அவன் தெருமுனை திரும்பும்போதே கோணி கிழிந்து, மறுநாள் காலையில் எல்லாம் பரணுக்குத் திரும்பி வந்திருந்தன, கூடவே ஓர் இணைப்பிதழும்.

பரணில் நடந்ததேதான் உலகத்திலும் நடந்துகொண்டிருந்தது. ஒரு செல்லுக்கு ஒரு ஜர்னல், அந்தச் செல்லின் சுவருக்குத் தனி ஜர்னல், சுவரின் ஓட்டைக்கு இன்னொன்று. வேதமுத்துவும் அப்படியே பங்கு பிரிக்கப்பட்டான். தண்டைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஒருவர் வருவார். பூவைப் பார்க்கிறவர் பூக்கும் மாதத்தில் மட்டும் வருவார். தசரதன் வேரோடு நின்றுகொண்டார், அதிலும் நுனி வேர். ஒருநாள் சட்டையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வேதமுத்து அவரைக் கேட்டான்.

"சார், மொத்தமா என்னப் பாக்க யார்னா கீறாங்களா?"

தசரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு இன்னும் ஜர்னல் வரலை, வேதமுத்து" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

1988இல் மூச்சு வாங்க ஆரம்பித்து, வேதமுத்துவால் லேத் முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. சாராள் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். எஸ்டேட்டில் புதிதாக வந்த அச்சுக்கோப்புக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். வெளிநாட்டு ஜர்னல்களின் கையெழுத்துப் படிகள் விமானத்தில் வரும். இங்கே ஏ.சி. அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்கள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் இரண்டு மூலையில் தனித்தனியாக அடிக்க வேண்டும், இரண்டையும் மிஷின் ஒத்துப்பார்க்கும், வித்தியாசம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். புரிகிறதோ இல்லையோ, இருப்பதை இருக்கிறபடி அடி என்பது சூப்பர்வைசர் சம்பத்தின் வேதவாக்கு. சேர்ந்த ஒரு வருஷத்தில், சென்னைக்கு மேற்கே வசிக்கும் அந்த ஆண் சாராளின் மேஜைக்கே வந்துவிட்டான். ஒருநாள் அவன் தண்டு, ஒருநாள் அவன் பூ. எல்லாக் கட்டுரையும் ஒரே வரியில் முடிந்தது. மேலும் ஆய்வு தேவை.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் வேதமுத்து கேட்பான். "இன்னிக்கு நான் எப்டி கீறேன்?"

"நல்லாத்தான்யா கீறே. இலை பிரமாதம்னு போட்டுக்கீறான்."

இப்படியே நாலு வருஷம் ஓடிற்று. பரண் நிறைந்து, அலமாரி நிறைந்து, கட்டிலுக்கடியில் ஜர்னல்கள் குட்டி போட்டன. வேதமுத்துவோ ஸ்டூலில் பாதி இடம்கூட அடைக்காதவனாகிவிட்டான். சாராளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை பேர் இத்தனை எழுதுகிறார்கள், ஒருவனாவது தன் கேள்வியைக் கேட்கிறானா? 1993இல் ஒருநாள் டீ நேரத்தில், எதிர்மூலையில் அதே பக்கங்களை அடிக்கும் லோகநாயகியைத் தனியே கூப்பிட்டாள்.

"லோகு, இன்னிக்குக் கடைசிப் பக்கத்துல ஒரு வரி சேத்து அடிக்கப் போறேன். நீயும் அதையே அடிச்சிடு."

"இன்னாக்கா சொல்ற? சம்பத் சார் பாத்தாரு, ரெண்டு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிடுவாரு."

"ரெண்டு பேரும் ஒண்ணா அடிச்சா மிஷினுக்கு இன்னா தெரியும்?"

லோகநாயகி டம்ளரைக் கழுவி வைத்தாள். "இன்னா வரி? சொல்லு" என்றாள்.

மேலும் ஆய்வு தேவை என்பதற்குக் கீழே, பிழையில்லாத ஆங்கிலத்தில், இந்த மனிதருக்கு எப்போது குணமாகும் என்ற வரி ஏறியது. மிஷின் வாய் திறக்கவில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஏழு பேர். அச்சுக்கு முன் சரிபார்க்கத் திருத்தப் படி போனபோது ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டும் படித்துவிட்டு, கடைசி வரி மற்ற ஆறு பேரில் ஒருவர் எழுதியது என்று விட்டுவிட்டார்கள். அச்சாகிவிட்டது.

கேள்வி அடேயப்பா, என்ன ஓட்டம் ஓடியது! ஜப்பானில் ஒருவர் அதை மேற்கோள் காட்டினார். அவரை மறுத்து நாலு பேர் எழுதினார்கள். கருத்தரங்கு நடந்தது. அந்த ஐப்பசியில் பரணில் வெள்ளை அட்டை போட்ட ஒரு புது ஜர்னல் பிறந்திருந்தது. அதன் பெயரே 'இந்த மனிதருக்கு எப்போது குணமாகும்?' என்பதுதான். காலாண்டிதழ். சாராள் அதை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், சந்தோஷத்தில். முதல் இதழில் 'எப்போது' என்ற சொல்லை எப்படி அளப்பது என்று ஆராய்ந்திருந்தார்கள். இரண்டாவதில் 'குணம்' என்றால் என்ன என்பது. மூன்றாவதில் முதல் இரண்டுக்கும் மறுப்பு. நான்கு வருஷத்தில் ஜர்னல் நன்றாகத் தடித்தது. 'இந்த மனிதர்' என்ற சொல்லுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

1997 சித்திரை வெயிலில் சாராள் வேர் ஜர்னலுக்கு அடித்துக்கொண்டிருந்த பக்கத்தில், நுனி இருதயத்தின் மேலுறையை அடைந்துவிட்டது என்று இருந்தது. கட்டுரை அனுப்பிய தேதியைப் பார்த்தாள். போன ஆடி மாசம். எழுதியவர் தசரதன். அன்றே அவருக்குப் போன் போட்டு, "தெரிஞ்சிகினே ஆப்பிள் வாங்கினு வந்தீங்களா சார்?" என்று கேட்டாள். அச்சில் வருமுன் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, முன்னால் சொல்லியிருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் அவர். இரண்டும் உண்மைதான்.

அன்று சாயங்காலமும் வேதமுத்து கேட்டான். "இன்னிக்கு நான் எப்டி கீறேன்?"

"நல்லாத்தான்யா கீறே."

"பொய் சொல்றே." அவன் சிரித்தான். "சரி, இலை மட்டும் சொல்லு. போதும்."

அவள் இலையைப் பற்றிச் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் அவன் போய்ச் சேர்ந்தான். பெட்டியை மூடும்வரை கொத்தமல்லி வாடவில்லை. கல்லறையில் எதுவும் முளைக்கவில்லை, எருக்குகூட. வேம்புலியம்மாள் ரசத்துக்குக் கடையில் வாங்க ஆரம்பித்தாள், வாசனையே இல்லை என்று சொல்லி அழுதாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று வெள்ளை அட்டை ஜர்னலின் அடுத்த இதழ் மேஜையில் காத்திருந்தது. சாராளும் லோகநாயகியும் பேசிக்கொள்ளவே இல்லை. கடைசிக் கட்டுரையின் கீழே இருவரும் ஒரே வரியை அடித்தார்கள். இந்த மனிதர் இறந்துவிட்டார். மிஷின் சும்மா இருந்தது. ஆனால் இந்தத் தடவை யாரோ ஒருவர் திருத்தப் படியை முழுக்கப் படித்துவிட்டார். அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார். இந்தச் செய்தி எங்கள் ஜர்னலின் எல்லைக்குள் வராது. பொருத்தமான வேறு ஜர்னலுக்கு அனுப்பவும். சம்பத் அதைப் படித்தார். யார் வேலை என்று கேட்கவில்லை. "நீ வுடும்மா, நானே எடுத்துடறேன்" என்று சொல்லித் தன் கையாலேயே அந்த வரியை அழித்தார்.

அந்த ஐப்பசியில் பரணில் மூன்று ஜர்னல்கள் புதிதாகப் பிறந்தன. சாராள் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றின் பெயரையும் நிதானமாகப் படித்தாள். அந்த வரிக்கு எதிலும் இடமில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏறிப் பார்த்தாள். தூசு தட்டி, வரிசையாக அடுக்கி, ஸ்டூலை வேதமுத்து உட்காரும் இடத்தில் திரும்பப் போட்டுவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள்.