கோல் கம்பத்தருகே ஒரு மாப்பிள்ளை

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அது இந்திரகுமாருடைய பொய். ஆனால் அவனையே நான்தான் உண்டாக்கினேன் என்பதால் பாதிப் பழி எனக்கும் உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1976 செப்டம்பரில், மெல்பேர்ன் கல்லூரிகள் லீக் நாடு முழுவதையும் வென்று...' வேண்டாம், செய்தித்தாள் வாடை அடிக்கிறது. ஆனாலும் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டுமே. அந்த லீக்கின் கால்பந்து அணி (பந்தைக் கையாலும் பிடித்தாடும் அந்நாட்டுக் கால்பந்து) மூன்று வருடங்களாகத் தேசியக் கிண்ணத்தை வேறு மாநிலத்துக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே இம்முறை இறுதியாட்டத்தை நாடெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்கள். லீக்கில் எல்லோரும் துள்ளிக் குதிக்கிறார்கள். இந்திரகுமார் மட்டும் தொலைக்காட்சி வேண்டாமென்று வேண்டிக்கொள்கிறான்.

2

அவன் ஆட்டக்காரன் அல்ல. கோல் கம்பங்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுடன் நிற்கும் நடுவர். பந்து சரியாக நடுவே போனால் ஆறு புள்ளி, இரண்டு கொடிகளை வீசுவான்; கம்பத்தில் உரசினால் ஒரு புள்ளி, ஒரு கொடி. வார நாட்களில் நகரசபையில் வரைபடம் கீறுகிறான்.

ஓர் ஆட்டம் முடிந்ததும் நண்பன் பாஸ்கர் எடுத்த படத்தைக் கலியாணத் தரகருக்கு அனுப்பினான். அதில் கோட்டு பதிந்திருந்தது, கொடிகள் பதியவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண் வீட்டார் பார்த்தார்கள். மாப்பிள்ளை டொக்டர் என்று தாங்களே தீர்மானித்துவிட்டார்கள்.*

(* வெள்ளைக் கோட்டைக் கண்டால் நம் சனத்துக்கு வேறொன்றும் தோன்றாது. எனக்கும்தான்.)

அவன் திருத்தவில்லை, அவ்வளவுதான். பெண் சந்திரவதனா, சிட்னியில் டூங்கபியிலிருக்கும் அண்ணன் சிறிதரன் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. ஞாயிறுதோறும் இருவரும் தொலைபேசியில் கதைப்பார்கள்.

"ஆஸ்பத்திரியிலை வேலை கூடவோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஓம்" என்றான்.

அந்த ஒரு சொல்லோடு பொய் முழுசாகிவிட்டது. அவள் குரல் இனிக் கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னது. அதை மாற்றி எழுதிப் பார்த்தேன். 'இல்லை, நான்...' என்று வாயைத் திறக்க வைத்தேன். திறந்த வாயோடு நின்றான். [இந்த இடத்தில் அவன்மேல் கோபம் வந்து பேனாவை மூடிவிட்டேன்.]

3

ஆட்ட நாளில் தூறலில் மைதானம் கரைந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் கூச்சல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவனுக்குக் கேட்டது. எதிரே கமரா. அதன் மறுமுனையில் எங்கோ, சிறிதரன் புதிதாக வாங்கிய நிறத் தொலைக்காட்சி.

கடைசி நிமிடம். லீக் மூன்று புள்ளி பின்னால். பந்து உயரே எழுந்தது, அங்கேயே நின்றது. [இறக்க எனக்கு மனமில்லை.] அது மேலே இருக்கும்வரை சந்திரவதனா ஒரு கதிரையில் அமர்ந்து, இன்னும் அவனுக்கு உரியவளாகவே இருப்பாள்.

தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம். மூடினால் பந்தை யார் பார்ப்பது? இந்திரகுமார் நிமிர்ந்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே மெல்ல இறங்கியது. கமராவுக்கு நேரே முகத்தைக் காட்டியபடி இரண்டு கொடிகளையும் வீசினான். லீக் நான்காம் முறையும் வென்றது.

4

முதல் முடிவு: சிறிதரனின் தொலைக்காட்சி சரியான நேரத்தில் பழுதாகிறது. எழுதியதும் எனக்கே வெட்கமாகி அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அவள் சிரித்துக்கொண்டே மன்னிக்கி... இல்லை. அவ்வளவு இலகுவானவள் அல்ல அவள்.

ஆகவே அவனை மைதானத்து வாசலிலுள்ள தொலைபேசிக்கு அனுப்பினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

"மட்ச் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். நீங்கள் டொக்டர் இல்லை எண்டு எனக்குப் போன மாசமே தெரியும். அண்ணா விசாரிச்சவர்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் பாத்துக்கொண்டிருந்தனான். ரெலிவிஷன் சொல்லித்தான் நான் உங்களை அறிய வேணுமே?"

இதற்கு அவன் சொல்ல மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றிலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்த்தான். மூன்றையும் அடித்துவிட்டேன். நான்காவது எனக்கு வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் போனை வைக்கவில்லை.