வயிறு இடித்தும் விழாத துளி

ஓடீலுக்கு ஏழாம் மாதம். வெளியே வெர்மான்ட் மலைப் பாதைகளெல்லாம் பனி உருகிச் சேறாகிக் கிடந்தன. மேப்பிள் மரங்கள் மொட்டு விடுகிற நேரம். மொட்டு விட்ட மரத்தின் சாற்றைக் காய்ச்சினால் பாகில் ஒரு கெட்ட வாடை ஏறிவிடும். ஈரக் காலுறை நாற்றம் என்பார்கள் காய்ச்சுகிறவர்கள். அந்த வாடையைப் பாகிலிருந்து பிரித்து அளப்பதுதான் ஆய்வகத்தில் ஓடீலின் வேலை. பிரிப்பதற்கு ஈதர் வேண்டும், சட்டென்று ஆவியாகிவிடுகிற கரைப்பான். பிள்ளைத்தாய்ச்சி ஈதர் ஆவியை மூச்சில் இழுக்கலாமா?

“பேசாம உள் ரூம்ல உட்கார்ந்து அறிக்கை எழுது. இத வேற ஆள் பாக்கட்டும்,” என்றாள் தலைவி வினிஃப்ரெட்.

“அறிக்கை எழுதினா நான் தூங்கிருவேன், வினி. ஈதர் இல்லாம அயனித் திரவத்துல செஞ்சு காட்டறேன்.”

அயனித் திரவம் வேறொன்றுமில்லை, உப்புதான். சூடாக்காமலே உருகி நிற்கிற உப்பு. ஆவியாகிப் பறக்காது, மூச்சில் ஏறாது. ஒரு துளியைப் பாகுக்கு மேலே தொங்கவிட்டால் போதும், எழும்பி வருகிற வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

“சரி, லூசியன் நாலு ஜாடி கொண்டாறார். கெட்டது எதுன்னு அவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார். நீ கண்டுபிடிச்சிட்டா பிரசவம் வரைக்கும் இந்த மேசை உன்னுது.”

லூசியன் பாகு காய்ச்சுகிறவர், மீசைக்காரர். நிற நிறமாக மூடி போட்ட ஜாடிகளோடு, அந்த ஊரில் பாகுக்குத் தொட்டுக்கொள்கிற ஜாம் வைத்த டோனட்டும் புளிப்பு ஊறுகாயும் கொண்டுவந்து, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

ஓடீல் ஊசி முனையில் துளியைத் தொங்கவிட்டாள். குனிந்து பார்த்தாள். வயிறு மேசையில் இடித்தது. துளி பாகுக்குள் விழுந்தது. மறுபடி தொங்கவிட்டாள். இந்த முறை உள்ளேயிருந்தே ஓர் உதை. கை ஆடி, அதுவும் போயிற்று.

“உள்ள இருக்கறது உன் கட்சியா, வினி கட்சியாம்மா?” என்றார் லூசியன், ஊறுகாயைக் கடித்தபடி.

“சிரிக்காதீங்க. உங்க மீசையில ஜாம்.”

அழுகை வரும்போல இருந்தது. சட்டென்று நினைவு வந்து அலமாரியைத் திறந்தாள். அங்கே இன்னொரு அயனித் திரவம் இருந்தது. இரும்பு சேர்ந்தது, காந்தத்தில் ஒட்டும். ஊசியை எடுத்துவிட்டு மெல்லிய காந்தக் குச்சியைப் பொருத்தினாள். மடியை விடாத கன்றுக்குட்டி மாதிரி துளி அதைப் பற்றிக்கொண்டது. ஓடீல் வேண்டுமென்றே வயிற்றால் மேசையை ஓர் இடி இடித்தாள். துளி நடுங்கியது, விழவில்லை.

“அப்படிப் போடு!” என்றார் லூசியன்.

நாலு ஜாடிக்கும் அப்படியே செய்தாள். ஒவ்வொரு துளியையும் கருவிக்குள் வைத்துச் சூடேற்ற, துளி ஆவியாகாமல், பிடித்து வைத்ததை மட்டும் விட்டது. திரையில் வாடையின் அளவைக் காட்டும் கோடுகள் எழுந்தன.

“நீல மூடி கெட்டது. சிவப்பு மூடியும்.”

லூசியன் தலையாட்டினார். “நீலம் சரி. சிவப்பு எங்க வீட்டுப் பாகும்மா. காலையில அதத்தான் பான்கேக்ல ஊத்திச் சாப்பிட்டேன்.”

வினிஃப்ரெட் பெருமூச்சு விட்டாள். “அப்போ உள் ரூம்தான், ஓடீல்.”

“இருங்க.” ஓடீல் சிவப்பு மூடியைத் திறந்து முகர்ந்தாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் தொட்டிக்கு ஓடினாள்.

லூசியன் முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தேகத்தோடு மனைவிக்குப் போன் போட்டார். “யுவெட், சிவப்பு மூடியில என்ன கலந்த?”

யுவெட்டின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “மொட்டு விட்டப்புறம் கடைசியா காய்ச்சினோமே, அதுல கொஞ்சம் மிச்சமிருந்துச்சு, ஊத்தினேன். பின்ன கீழயா கொட்டுவாங்க? தினமும் தட்ட வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே!”

லூசியன் மீசையைத் துடைத்துக்கொண்டார். வினிஃப்ரெட் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

“லூசியன், அந்தப் பக்கம் பிடிங்க. சுவர்ப் பக்கமாத் தள்ளுவோம். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, இவ வயித்துக்கு இடம் வேணுமில்ல?”