பிரேமாவதி மிதித்த தரை

மலேசியாவில் பாடாங் செராய்க்கு வெளியே உள்ள தோட்டத்து அம்மன் கோயில் மண்டபத்தில், பிரேமாவதி வெறுங்காலோடு நின்ற இடத்தில் விழுந்த கறுப்புப் புள்ளி முதல் மாதம் பத்து காசு நாணயத்தின் அகலம் இருந்தது. எட்டாம் மாதம் ஐம்பது காசைத் தாண்டிவிட்டது. பினாயில் ஊற்றித் தேய்த்தார்கள், போகவில்லை. தரையைப் பெயர்த்துப் புது டைல்ஸ் பதித்தார்கள். மறுநாள் காலையே அதே இடத்தில், அதே கோணல் விளிம்போடு அது ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்தப் புள்ளி முதலில் அவளுடைய வலது குதிங்காலில் வந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலை கண்டீனில் தட்டு கழுவுகிறவள், வயது ஐம்பத்து நான்கு. பத்து நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதமிருந்து தீ மிதித்தாள். இரண்டு வாரத்தில் உள்ளங்கால் கறுத்தது. கோயில் தலைவர் இருளப்பன் அத்தனை பேர் முன்னால் மண்டபத்தில் நிற்கவைத்து, "விரதத்துல ஏதோ குறை வெச்சிட்டம்மா. சுத்தமா இருந்தவங்களுக்குக் காலு கருகாதுலா" என்றார். பழி சொல்லவாவது குனிந்து பார்த்தாரா? அதுவும் இல்லை. அவர் பேசி முடித்தபோதுதான் தரையில் முதல் புள்ளி விழுந்தது.

பிறகு கிளினிக். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்படி வெறுங்காலோடு வந்து நின்றவளின் காலைத்தான் டாக்டர் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமலே, "செம்பனை முள்ளு. தோட்டத்து ஆளுங்களுக்கு எல்லாம் இப்படித்தான்" என்றார். அவள் எண்ணெய்ப் பனைத் தோட்டத்து வேலையை விட்டு வந்து பத்தொன்பது வருஷம். இன்னொரு கிளினிக்கில் படை என்று களிம்பு கொடுத்தார்கள். படித்த மனுஷர் முன்னால் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவது மரியாதையா என்று அவளும் காட்டவில்லை. அந்த இரண்டு தரையிலும் அவள் நின்ற இடம் கறுத்தது. ஒன்றின்மேல் பூந்தொட்டி வைத்தார்கள், மற்றதில் பாய் விரித்தார்கள்.

பதினான்காம் மாதம் ரத்தம் கசிந்ததும் மகள் நளினி அவளைப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் கலைமகள் காலைக் காட்டச் சொன்னாள்.

"காலைப் போயா, டாக்டர்? எப்படி..."

"தலையைக் காட்டினா காலு தெரியுமா, அம்மா?"

கலைமகள் தரையில் மண்டியிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல், ஓரம் ஒழுங்கில்லை. சதையில் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினாள். மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுநோயிலேயே அபூர்வம், ஆனால் பரவுகிற வேகம் பொல்லாதது; நம் கறுத்த தோலுக்கு அது வராது என்று எல்லாரும் நம்பியிருக்க, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்துகொள்கிறது. ஒரு வருஷத்துக்கு முன்பே வந்திருக்கலாமே என்றாள் கலைமகள்.

"வந்தேன் டாக்டர்! எவன் பாத்தான்?" என்று பிரேமாவதி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

குதிங்காலை வெட்டியெடுத்துத் தொடைத் தோலை வைத்து மூடினார்கள். ஆனால் மூன்று தரைகளிலும் புள்ளி வளர்வது நிற்கவில்லை. நளினி தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது கலைமகள் சிரிக்கவில்லை, ஸ்கேன் எழுதினாள். தொடையிடுக்கில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. அவற்றை எடுத்த அன்று மூன்று தரைகளிலும் புள்ளி வளராமல் நின்றது.

ஊன்றுகோலோடு வந்த பிரேமாவதி நேரே கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்து, கட்டுப்போட்ட காலை மேசைமேல் தூக்கி வைத்தாள். அர்ச்சனைத் தட்டு நகர்ந்து விழுந்தது. அவமானத்தில் அவள் அழுத அழுகையெல்லாம் அப்போது கோபமாகத்தான் வந்தது.

"இந்த நோவு திரும்ப வந்தா மொதல்ல உங்க தரைக்குத்தான் தெரியும். வாராவாரம் அளந்து சொல்லணும். வேற ஆளு வேணாம். நீங்களே குனிஞ்சு அளங்க."



மூன்று வருஷமாக, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் இருளப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு தையல்கார நாடாவோடு அங்கே முட்டி போடுகிறார். சுற்றி நடப்பவர்கள் விலகி வழிவிடுகிறார்கள். கலைமகளின் கோப்பில் அந்த அளவுக்கென்று ஒரு பக்கமே இருக்கிறது.

"நாலரை சென்டிமீட்டர்மா. கூடல," என்கிறார் போனில்.

"சரி, அடுத்த வெள்ளி," என்று பிரேமாவதி போனை வைத்துவிடுகிறாள்.