திரிபோஷப் பக்கெட்

"வாசல்ல வச்சது நீங்கதானே மதினி, நான் கேக்கிறதுக்கு—"

"ஆமா, நாந்தான் வச்சேன்! வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு—"

"என்னைப் பேசவிடுங்க—"

"—திரிபோஷ குடுக்காம வேற என்ன குடுக்கிறது? என் தம்பி செத்து மூணு வருசம். ஒன் வயிறு யாரைக் கேட்டு வளருது?"

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், சிவசக்தியின் லயத்து வீட்டு வாசலில், கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அந்தச் சத்துமாப் பக்கெட் கிடந்தது. பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்த சிவசக்தி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் துஷாந்தினி கதவோரம் நின்றாள். எதிரே கத்திக்கொண்டிருந்த நாத்தனார் ரெங்கம்மாவின் மகன் தயாபரனுக்கு அவளைத் தை மாதம் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு.

"கொழுந்தெடுக்க இடுப்புல கட்டுற படங்குச் சாக்குக்குக் கயிறு பத்தலேன்னு, போன மாசம் முடிச்சுப்போட்டு நீட்டினியே. மலையில அத்தன பேரும் சிரிச்சாளுக."

சிவசக்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கொடுத்த தாள் அதற்குள் இருந்தது. அதைக் காட்டினால் மானம் திரும்பும். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது பஸ்ஸில் வழி முழுக்கக் கூடவே வந்திருந்தது: "இது பரம்பரையா வர்றது அம்மா. பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு. மகளைக் கூட்டிட்டு வாங்க."

"பேச மாட்ட, என்ன? சரி. இந்த வீட்டுல எம்மகன் பொண்ணெடுக்க மாட்டான்."

"அத்த!" என்றாள் துஷாந்தினி.

சிவசக்தி தாளை எடுத்து நீட்டினாள்.

"புள்ள இல்ல மதினி. ரெண்டு கிட்னியிலயும் தண்ணிக் கொப்புளம், எண்ண முடியாத அளவுக்கு. பொத்தின கை அளவு இருக்கவேண்டியது ஒரு சாணைத் தாண்டிருச்சாம். கொப்புளம் பெருக்கப் பெருக்க நல்ல சதைய நெருக்கிருது. பாதிக்கு மேல வேலை செய்யல."

"அப்ப இந்த வயிறு?"

"ஈரல்லயும் அதே கொப்புளம். ஈரல் வேலை செய்யுதாம். ஆனா பெருத்துப் பெருத்து வயித்தத் தள்ளுது. பொம்பளைகளுக்கு அப்படித்தான் கூடுதலா வருமாம்."

"வெட்டி எடுத்துர முடியாதா?"

"எடுத்துத் தீராதாம். பிரஷருக்குக் குளிசை குடுத்திருக்காரு. கிட்னி நின்னுபோனா மெஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்."

ரெங்கம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"விலா வலிக்குதுன்னு நீ நிமிந்து நின்னப்பெல்லாம், மகாராணி களைச்சுட்டான்னு சொன்னேனே. இந்த வாயில கொள்ளிய வைக்கணும்."

பக்கெட்டை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கலியாணம் தையிலதான். நீ ஒண்ணும் தூக்கவேணாம், சக்தி. எல்லாம் நான் பார்த்துக்கிறேன். ஒங்கம்மா காரியத்துக்கும் நாந்தானே வந்து நின்னேன். அவங்களுக்கும் கடைசியில வயிறு இப்படித்தான்…"

ரெங்கம்மா மெல்லத் திரும்பித் துஷாந்தினியைப் பார்த்தாள். சிவசக்தி நாத்தனார் கையிலிருந்த தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடிக்கத் தொடங்கினாள்.

"சக்தி, இது தாய்கிட்டயிருந்து புள்ளைக்கு வருமா?"