மாண்புமிகு திறந்துவைத்த குடிசை

மலை தானாகவே எரிந்தது என்றார்கள் அதிகாரிகள். எவனோ பீடியைப் போட்டான் என்றது ஊர். எப்படியோ, பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த புதரைத் தின்றபடி இறங்கி வந்த தீ, செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் மலையடிக் குடிசைகள் பதினொன்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது. தீயணைப்பு வண்டி வராமல் இல்லை. தெருமுனையில் கோதண்டராமன் தன் பிறந்தநாளுக்குத் தானே வைத்துக்கொண்ட வளைவுக்குள் நுழைய முடியாமல் நின்றது. வளைவைச் சாய்த்துவிடலாமா என்று வண்டிக்காரர்கள் கேட்டார்கள்.

"அதுல தலைவர் படம் இருக்குது. யோசிச்சுப் பண்ணுங்க" என்றார் கோதண்டராமன்.

அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் தீக்கு வேலை தீர்ந்துவிட்டது.

கோதண்டராமன் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். எங்கே துயரம் நடந்தாலும் அங்கே முதல் நாற்காலி அவருடையது. மறுநாள் காலை அந்த நாற்காலியின் மேலேயே ஏறி நின்று அறிவித்தார்.

"யாரும் எதையும் தொடக் கூடாது. மாண்புமிகு அமைச்சர் நேர்ல வராரு. எரிஞ்சது எரிஞ்சபடியே இருக்கணும். அவர் பார்த்தாதான் பட்டியல். பட்டியல்ல பேர் இருந்தாதான் கான்கிரீட் வீடு."

கான்கிரீட் என்ற சொல்லுக்குப் பதினொரு குடும்பமும் கையைக் கட்டிக்கொண்டன. வளர்மதியும் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அவள் கூரை எரிவது இது மூன்றாவது தடவை. எரியாத கூரை ஒன்று வேண்டும். அவள் சாமியிடம் கேட்பதும் அதைத்தான், கிராம சபையில் கேட்பதும் அதைத்தான்.

மாண்புமிகுவின் வருகை முதல் தடவை ஒரு கல்யாணத்துக்காகத் தள்ளிப்போனது. இரண்டாம் தடவை, இதைவிடப் பெரிய தீ வேறெங்கோ பிடித்துவிட்டது. மூன்றாம் தடவைக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தவர்களை, பரீட்சை வருகிறது என்று தலைமையாசிரியர் கிளப்பிவிட்டார். புளியமரத்தடிக்கு வந்தார்கள். அங்கே கட்டுவிரியன் வந்தது.

பன்னிரண்டாம் நாள் வளர்மதி துடைப்பத்தை எடுத்தாள். வீடாக இருந்த சாம்பலை அள்ளிக் கத்திரிச் செடிகளுக்குத் தூவினாள். பஜாரில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் சேரன் மூன்று நாள் லீவு போட்டு மூங்கில் நட்டான். கீற்று வேய்ந்து, தரை மெழுகி, குடிசை எழுந்துவிட்டது.

கோதண்டராமன் வந்து பார்த்தார். ஊருக்கு இன்னொரு தீ வந்ததைப் போல முகம்.

"இன்னாம்மா இது?"

"வீடு."

"அது தெரியுது. எரிஞ்ச வீடு எங்க?"

"எரிஞ்சிடுச்சு."

"மாண்புமிகு வந்து இன்னாத்தப் பாப்பாரு? மத்தவங்கல்லாம் எவ்ளோ பொறுப்பா வச்சிருக்காங்க பாரு. வசந்தா கவுந்த சட்டியக்கூட நிமுத்தல."

"நிமுத்துனா உள்ள இருக்கிற பாம்பு கோச்சுக்கும்ண்ணே" என்றாள் எதிரே மரத்தடியில் இருந்த வசந்தா.

"பிரிச்சிடும்மா. அவர் வந்துட்டுப் போனதும் கட்டிக்கோ."

"நீங்க ஒரு ராத்திரி மரத்தடில வந்து படுங்கண்ணே. காலைல பிரிச்சிடறேன்."

கூட வந்திருந்த கிராம நிர்வாக அலுவலர் சிவசங்கர் தாளைப் பார்த்தபடியே பேசினார். "ரூல்படி, நிக்கிற வீடு எரிஞ்ச வீடு கெடையாதும்மா." வளர்மதியின் பெயருக்கு நேரே 'பாதிப்பு இல்லை' என்று எழுதினார். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

இருபதாம் நாள் மாண்புமிகு வந்தே விட்டார். பன்னிரண்டு கார், நான்கு கேமரா. அதற்குள் கோடை மழை இரண்டு தடவை கொட்டியிருந்தது. பத்திரமாக வைத்திருந்த பத்துச் சாம்பல் மேடும் கரைந்து, பச்சை முளைத்து, அதில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"கரியே தெரியல சார்" என்றான் கேமராக்காரன்.

மாண்புமிகுவின் பார்வை அங்குமிங்கும் அலைந்து, வளர்மதியின் குடிசையில் போய் நின்றது. முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள வீடே கட்டிக் குடுத்துட்டீங்களா?"

தீ வந்த அன்று அசையாத கோதண்டராமனின் மூளை இப்போது மின்னலாக வேலை செய்தது. "உங்க உத்தரவுதாண்ணே."

சால்வைப் பெட்டியில் இருந்த ரிப்பனை அவிழ்த்து வாசலுக்குக் குறுக்கே கட்டினார்கள். கத்தரிக்கோல் யாரிடமும் இல்லை. கீற்று நறுக்க வளர்மதி வைத்திருந்த அரிவாளாலேயே மாண்புமிகு ரிப்பனை அறுத்தார். கைதட்டல். கேமரா ஓட ஓட அவள் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"நன்றி சொல்லும்மா" என்று காதில் ஊதினார் கோதண்டராமன்.

வளர்மதி தொண்டையைச் செருமினாள். "வீடு குடுத்த ஐயாவுக்கு நன்றி. கவர்மெண்டு வீடுன்னா கான்கிரீட்டுன்னு சொன்னாங்க. இது கீத்தா இருக்குதே ஐயா. இதுவும் எரியுமே."

மாண்புமிகுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஆமா, இன்னாய்யா கீத்துல கட்டியிருக்கீங்க? யாரு காண்ட்ராக்ட்? எவ்ளோ எழுதியிருக்கீங்க?"

நான்கு கேமராவும் கோதண்டராமன் பக்கம் திரும்பின. படம் விழுகிற இடத்திலிருந்து அவர் தானாக விலகிப்போனதை ஊர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தது.

திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் அவரும் சிவசங்கரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். சிவசங்கர் ஒரு தாளை நீட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா. இந்த வீட்ட நான்தான் கட்டிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து. இதுக்கு எவ்ளோ பணம் எடுத்தோம்னு விசாரணை வச்சிட்டாங்க."

"நான் எங்க சார் கட்டினேன்? ஐயா தொறந்து வச்சத டிவில காட்டினாங்களே."

"ஏம்மா, நீ கட்டினது ஊருக்கே தெரியும்" என்றார் கோதண்டராமன். குரலில் நாற்காலி இல்லை.

"ஊருக்குத் தெரியும்ண்ணே. சார் எழுதின பேப்பருக்குத்தான் தெரியல. பட்டியல்ல பேர எழுதச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

"நிக்கிற வீட்ட எரிஞ்சதுன்னு எப்படிம்மா எழுதறது?" என்றார் சிவசங்கர்.

"அப்ப இது கவர்மெண்டு கட்டினதாவே இருக்கட்டும். விசாரணைக்கு வரவங்ககிட்ட அப்படியே சொல்லிடறேன்."

கோதண்டராமன் சிவசங்கரைப் பார்த்த பார்வையில் ரூல் வளைந்தது. மெழுகிய வாசலில் உட்கார்ந்து, தலைக்கு மேல் புதுக் கீற்று மணக்க, 'வீடு முழுவதும் எரிந்துவிட்டது' என்று சிவசங்கர் பட்டியலில் எழுதினார். வளர்மதி அதை வசந்தாவின் மகளிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே, அவர்கள் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"கான்கிரீட் வீடு எப்ப சார் வரும்?"

"மாண்புமிகு வந்து அடிக்கல் நாட்டணும்மா. தேதி கேட்டிருக்கோம்."

வளர்மதி சேரன் பக்கம் திரும்பினாள். "தோ பாரு, பின்பக்கம் ஒழுகுது. இன்னும் ரெண்டு கட்டு கீத்து வாங்கிட்டு வா."