கேள்விக்குறியில் நின்ற வரிசை

கேரளாவின் ஜெராக்ஸ் கடைகள் பலவற்றில் ஓடும் அச்சு வரிசை மென்பொருள் லிஜியின் கம்பெனியுடையது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே ஃபோனில் கோப்பை அனுப்புவார். அது கடைக் கணினியில் வரிசையில் நிற்கும், முறை வந்ததும் அச்சாகும். அதை எழுதியவர்கள் ஒவ்வொருவராக நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவள் லிஜி மட்டும்தான். ஒருத்திக்காக எதற்கு ஆபீஸ் என்று முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார். காக்கநாட்டு ஃபிளாட்டில் கூடத் தங்கியிருந்த நர்ஸ் தோழியும் அயர்லாந்து போய்விட்டாள். சாயங்காலம் பால் வாங்கப் போய் வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். அப்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கே உறைக்கும்.

எந்தக் கடையிலாவது வரிசை நின்றுவிட்டால் அவளுக்குப் பிழை அறிக்கை வரும். எந்தக் கடை, எந்தக் கோப்பு, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, கோப்பின் பெயர் மட்டும் தெரியும். முஹம்மா என்ற ஊரின் படகுத்துறைக் கடையிலிருந்து ஒரு நாள் வந்த பெயர் இது: ‘புட்டு ஏன் உதிர்ந்து போகிறது?’

லிஜி சிரித்துவிட்டாள். காரணம் உடனே புரிந்தது. கடைக் கணினி பெயரில் கேள்விக்குறியை ஏற்றுக்கொள்ளாது. சேமிக்க முடியாமல் அந்தக் கோப்பு அப்படியே நிற்கும், பின்னால் உள்ளவையும் நிற்கும். கடைக்காரர் பிரசன்னனைக் கூப்பிட்டாள்.

“பெயரை மாத்தி அனுப்பச் சொல்லுங்க சேட்டா.”

“சொல்லாம இருப்பேனா? அனுப்பறது தாசப்பன் சேட்டன், பழைய படகு ஓட்டி. ரிட்டயர் ஆகியும் துறையை விடமாட்டேங்கறாரு. இன்னிக்கு எந்தப் படகு வரும், எங்க பாசி அடைச்சிருக்குன்னு தினம் ஒரு தாள் அடிச்சு ஒட்டுவாரு. அதான் அவரு ஃபைல். பெயர் ஒழுங்கா வைங்கன்னா, ‘என்ன பெயர்னு ஃபோன் கேக்குது, நான் சொல்றேன், உனக்கென்னடா’ங்கறாரு.”

“கேள்வியால்ல கேக்கறாரு?”

“வீட்ல கேக்க ஆளில்ல. பொண்டாட்டி கமலம் போயி ஒரு வருஷம் ஆகப்போகுது. உங்க சாஃப்ட்வேரை நீங்க சரி பண்ணுங்க மேடம்.”

பண்ணியிருக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளுக்குள் ஒரு எண்ணைக் கொடுத்து, பெயரைச் சும்மா ஒரு ஒட்டுச்சீட்டுபோல வைத்துக்கொண்டால் போதும். அரை நாள் வேலை. ஆனால் அடுத்த வாரம் ‘பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்க யாரைப் பார்த்துக் குரைக்கிறது?’ என்று வந்தது. அதற்குப் பிறகு, ‘கமலத்தின் மருந்தெல்லாம் அலமாரியில் இருக்கிறது, எறிந்துவிடலாமா?’

அன்று லிஜி வேறு வேலை எதுவும் செய்யவில்லை. அம்மா போன பிறகு அம்மாவின் கண்ணாடியை அவள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். எறிய வேண்டாம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது? பிரசன்னனைக் கூப்பிட்டு இதையா சொல்வது? வீட்டிலிருந்தே கோப்பின் பெயரை மாற்றி வரிசையை நகர்த்திவிட்டாள். அதன் பிறகு கேள்வி வரும் நாளெல்லாம் அப்படியே செய்தாள். காலையில் காபியோடு உட்கார்ந்ததும் முதலில் முஹம்மாதான் பார்ப்பாள். சரி செய்யும் வேலையை நாளை, நாளை என்று ஒதுக்கிக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் பிரசன்னன் பலமுறை கூப்பிட்டிருந்தார். தாசப்பனின் கோப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பரீட்சை அனுமதிச் சீட்டு மாட்டிக்கொண்டது. சீட்டுக்காகக் காத்திருந்து பேருந்தைத் தவறவிட்டு அவள் அழுதாளாம். “எத்தனை மாசமா சொல்றேன்? தூங்கறீங்களா அங்க?” என்றார். லிஜிக்கு முகம் சுட்டது. அன்று சாயங்காலத்துக்குள் சரி செய்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்பிவிட்டாள். பெயரில் மேற்கோள்குறி, சாய்கோடு, கேள்விக்குறி, எது வந்தாலும் இனி வரிசை நிற்காது.

நிற்கவில்லை. முஹம்மாவிலிருந்து அறிக்கை எதுவும் வரவில்லை. பிரசன்னனும் கூப்பிடவில்லை. வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனாலும் காபியை வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முஹம்மா போனாள். துறைப் பலகையில் ஒரு ஒல்லியான பெரியவர் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். காயல் முழுக்கப் பாசி பச்சையாக மிதந்தது.

“குமரகம் படகா? இப்ப வந்துடும்,” என்றார் திரும்பாமலே.

“இல்ல, உங்களைப் பாக்கத்தான் வந்தேன்.” யார் என்பதைச் சொன்னாள். பெயர்கள் தன்னிடம் வந்த விதத்தையும் சொன்னாள்.

பெரியவர் கையிலிருந்த பசை டப்பாவை மூடினார். “எல்லாத்தையும் படிச்சியா?”

“கேள்வி கேட்டதை மட்டும். மத்தது நேரா அச்சாயிடும், எனக்கு வராது.”

“அப்போ நல்ல சேதி ஒண்ணும் உனக்கு வந்திருக்காது. மாங்காய் காய்ச்சதை எழுதினேன். பேத்தி நடந்ததை எழுதினேன்.”

“வரல.”

“புட்டு வந்துதா?”

“வந்துது. மாவுல தண்ணி பத்தல. நனைச்சு கொஞ்ச நேரம் மூடி வைக்கணும்.”

“அதைச் சொல்ல இவ்வளவு நாளா மோளே?” சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “மருந்து?”

“படிச்சேன்.”

“படிச்சுட்டு சும்மா இருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேண்டாம்னு சொல்ல ஒருத்தராவது இருந்தா வச்சிருப்பேன். தூக்கிக் காயல்ல போட்டுட்டேன்.”

தனக்கு வருவது வெறும் அறிக்கை, பதில் போட வழியில்லை என்று லிஜி சொல்ல வந்தாள். கடை நம்பர் தன் ஃபோனிலேயே இருந்தது நினைவுக்கு வந்தது.

“தப்புதான்,” என்றாள்.

“சரி விடு. இப்ப ரிப்பேர் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். என்ன எழுதினாலும் அச்சாகும்.”

“உனக்கு வராது.”

“வராது.”

படகு வந்தது. கயிற்றை எறிந்த பையனைப் பார்த்து, இப்படியா எறிவாங்க என்று திட்டிக்கொண்டே பெரியவர் படியிறங்கிப் போனார். இறங்கியவர்களில் இரண்டு பேர் பாசி எங்கே அடைத்திருக்கிறது என்று அவரைக் கேட்டார்கள். அவர் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஜி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ் சேர்த்தலை ஊரைத் தாண்டிய பிறகுதான் பெரியவரின் நம்பரை வாங்கவில்லை என்று தோன்றியது. நாளை பிரசன்னனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் தொடுபுழையில் ஒரு கடையில் தாள் சிக்கிக்கொண்டு, பகல் முழுக்க அதிலேயே போயிற்று. அதற்கடுத்த நாள் கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.